பயணக் காப்பீடு எதற்குப் பணம் தரும், எதற்குக் கைவிரிக்கும்?

உங்கள் கேள்வி இதுதான்: அடுத்த மாதம் பெற்றோருடன் பதினைந்து நாள் வெளிநாட்டுப் பயணம். அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டால் காப்பீடும் சேர்ந்து வருகிறது, கிரெடிட் கார்டிலும் பயணக் காப்பீடு உண்டு என்கிறார்கள். இதற்கு மேல் தனியாக ஒன்று வாங்குவது வீண் செலவா, விசாவுக்குக் காட்டும் காகிதம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். பணம் கட்டிவிட்டால், ஆபத்து வரும் நாளில் அது உண்மையில் கைகொடுக்குமா என்பதுதான் உங்கள் கவலை. கிளெய்ம், அதாவது காப்பீட்டுப் பணம் கேட்டு வரும் கோரிக்கைக் கோப்புகளைப் படித்து முடிவு சொல்லும் துறையில் இருப்பதால், எந்தக் கோப்பு எங்கே தடுக்கி விழுகிறது என்பதிலிருந்து பதில் சொல்கிறேன்.

பயணக் காப்பீடு ஒரே பொருள் இல்லை. ஒரே உறைக்குள் போட்டுவைத்த பல தனித்தனி ஒப்பந்தங்கள். அவசர மருத்துவச் செலவு, நோயாளியை வேறு மருத்துவமனைக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுசேர்ப்பது, இறந்துவிட்டால் உடலை அனுப்புவது, பயணத்தை ரத்து செய்வது அல்லது பாதியில் முறித்துக்கொண்டு திரும்புவது, விமானத் தாமதம், பெட்டி தொலைவது, பாஸ்போர்ட் தொலைவது, நம்மால் இன்னொருவருக்கு நேர்ந்த காயத்துக்கோ சேதத்துக்கோ கட்ட வேண்டிய நஷ்டஈடு, விபத்தில் மரணம் அல்லது ஊனம். ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு, தனி நிபந்தனை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரியது. அது எந்த ஒன்று என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. சில மலிவான பாலிசிகளில் அந்தப் பெரிய தொகை விபத்து மரணத்துக்கானது. மருத்துவச் செலவுக்கு இருப்பது அதில் சொற்பப் பங்கு.

என் கணிப்பில், தனிப் பாலிசி வாங்குவதற்கு இரண்டே காரணம் போதும்: மருத்துவச் செலவும், நோயாளியைக் கொண்டுவரும் செலவும். பெட்டி தொலைந்தால் மனம் நோகும். குடும்பம் கடனில் விழாது. அந்நிய நாட்டில் பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தால் விழும். சொந்த நாட்டில் நீங்கள் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். போகும் நாட்டின் அரசு மருத்துவம் அங்கே குடியிருப்போருக்கானது, உங்களுக்கு முழுக் கட்டணம். பல இடங்களில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால், முன்பணமோ காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதமோ வராமல் அறையே ஒதுக்க மாட்டார்கள். ஆகவே மருத்துவப் பகுதி பலமாகவும் பெட்டிப் பகுதி சுமாராகவும் இருக்கும் பாலிசியை யோசிக்காமல் வாங்கலாம். நேர்மாறாக இருப்பதை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள்.

விசா விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு கேட்பது: குறைந்தபட்சம் 30,000 யூரோ, அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, மருத்துவக் காரணத்துக்காகவோ மரணத்தாலோ நாடு திருப்பி அனுப்பும் செலவு, அத்தனை ஷெங்கன் நாடுகளிலும் தங்கும் நாள் முழுவதும் செல்லுபடி. கியூபா 2010 மே முதல் வருகிறவர்களிடம் மருத்துவக் காப்பீடு கேட்கிறது. அமெரிக்கா சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கேட்பதே இல்லை. ஆனால் சிகிச்சைச் செலவு அதிகமான நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்பது அதுதான். தூதரகம் கேட்கிறதா என்பதை வைத்து உங்கள் தேவையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்த 30,000 யூரோ விசா கொடுப்பதற்கான அடிமட்டக் கோடு, அவ்வளவே. சிக்கலான அறுவை சிகிச்சையும், நோயாளியைப் படுக்கையில் வைத்து ஊருக்கு அழைத்துவரும் செலவும் சேர்ந்தால் அதைத் தாண்டிப் போகலாம். 67 வயதுக்காரர் போகிறார் என்றால் அதைப்போல மூன்று மடங்கு தொகையிலிருந்து தேடத் தொடங்குங்கள். அமெரிக்கா, கனடா என்றால் இன்னும் மேலே. இந்த மூன்று மடங்கு என்பது விதி இல்லை, என் அபிப்பிராயம்.

நோயாளியைக் கொண்டுவருவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 'உடம்பு சரியில்லை என்றால் ஊருக்குக் கூட்டி வந்துவிடுவார்கள்' என்று எந்தப் பாலிசியும் வாக்குத் தருவதில்லை. மருத்துவரீதியாகத் தேவைப்பட்டால், தகுந்த வசதியுள்ள மிக அருகிலான மருத்துவமனைக்கு மாற்றுவோம் என்பதுதான் வழக்கமான வாசகம். அந்த 'மிக அருகில்' பக்கத்து நகரமாக இருக்கலாம், பக்கத்து நாடாகவும் இருக்கலாம். முடிவெடுப்பது சிகிச்சை தரும் டாக்டரும் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவக் குழுவும் சேர்ந்து. குடும்பம் தானாக ஏர் ஆம்புலன்ஸ் பேசிவிட்டுப் பில்லை அனுப்பினால், அது அப்படியே திரும்பி வரும்.

நடைமுறையில் ஏர் ஆம்புலன்ஸ் கடைசி வழி. அதற்கு முன் வழக்கமான பயணிகள் விமானத்திலேயே சக்கர நாற்காலியுடன், அல்லது ஒரு நர்ஸ் துணையுடன், அல்லது ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகளை மடக்கி அதன்மேல் ஸ்ட்ரெச்சர் பொருத்தி அழைத்து வருவார்கள். அத்தனை இருக்கைக்கும் டிக்கெட் விலை உண்டு. விமான நிறுவனம் மெடிஃப் என்ற மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கிய பிறகே ஏற்றும். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். உடலுக்குள் அடைபட்ட வாயு சுமார் 30 சதவீதம் விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தவரையும், கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்து அறுவை சிகிச்சை செய்தவரையும் உடனே ஏற்ற மாட்டார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். 'டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது, ஏன் ஊருக்கு அனுப்ப மறுக்கிறார்கள்' என்ற சண்டைகளில் பாதி இதைப் புரிந்துகொள்ளாததால் வருவது. அந்தக் காத்திருப்பு நாட்களில் உடன் இருப்பவரின் தங்கும் செலவை உங்கள் பாலிசி தருமா என்று முன்கூட்டியே பாருங்கள். சில தரும், பல தராது.

இப்போது அப்பாவின் சர்க்கரைக்கு வருகிறேன். மறுக்கப்படும் மருத்துவக் கிளெய்ம்களில் அதிகம் அடிபடும் சொல் 'முன்பே இருந்த நோய்'. இதற்கு ஒவ்வொரு பாலிசியும் தன் வரையறையை எழுதி வைத்திருக்கும். சிலவற்றில் கடந்த ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்ற நோய், சிலவற்றில் இரண்டு வருடம், மூன்று வருடம், இன்னும் சிலவற்றில் காலக்கெடுவே இல்லை. மூன்று வகையான ஏற்பாடுகள் சந்தையில் உண்டு. முதல் வகை, முன்பே இருந்த நோயால் வரும் எதையும் தராது. இரண்டாவது, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் நிலைமை சீராகும் வரை, ஒரு சிறு வரம்புக்குள் தரும். மூன்றாவது, நோயைத் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டினால் முழுத் தொகைக்கும் ஏற்றுக்கொள்ளும். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது மூன்றாவது. கிடைக்கவில்லையென்றால், இரண்டாவது வகையில் அந்தச் சிறு வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு வெளிநாட்டில் மாரடைப்பு வந்தால், இது புது நோயா, பழைய நோயின் விளைவா? நிறுவனத்தின் டாக்டர் பழையதன் விளைவு என்பார், குடும்பம் புதிது என்னும். இரண்டு பக்கமும் வாதம் உண்டு. தீர்ப்பு பாலிசியின் ஒரு சொல்லில் தொங்கும். 'நேரடியாக ஏற்பட்ட' என்று இருந்தால் உங்களுக்குச் சாதகம் அதிகம். 'நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடைய' என்று இருந்தால் நிறுவனத்தின் பிடி இறுகும். ஆனால் நோயைப் படிவத்தில் ஒழுங்காக எழுதிக் கூடுதல் பிரீமியமும் கட்டியிருந்தால் இந்த வாதமே எழாது. எழுதாமல் மறைத்திருந்தால், சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத கால் எலும்பு முறிவுக்குக்கூட, 'உண்மையைச் சொல்லவில்லை' என்று பாலிசியையே ரத்து செய்ய முயலும் நிறுவனங்கள் உண்டு. அது சட்டப்படி எடுபடுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அந்த வழக்கை நடத்த யாருக்குத் தெம்பு இருக்கும்? மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருடமாக, கடைசி மூன்று மாதச் சர்க்கரை அளவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏஜென்ட் 'அதெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று: 'நோய் சீராக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையுள்ள பாலிசியில், பயணத்துக்குச் சில வாரம் முன்பு மருந்தின் அளவை மாற்றினாலே சீர் குலைந்ததாகக் கணக்கு வைக்கலாம். டாக்டர் மாற்றினால் மாற்றட்டும், உடல்நலம்தான் முக்கியம். மாற்றிய அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்தது அந்த ஒரு தொலைபேசி அழைப்பு. பாலிசியில் இருபத்துநான்கு மணி நேர உதவி எண் இருக்கும். அட்மிஷனுக்கு முன்போ, முடியாதபட்சத்தில் பாலிசி சொல்லும் கெடுவுக்குள்ளோ, அதற்குக் கூப்பிட வேண்டும். பலவற்றில் அந்தக் கெடு 24 மணி நேரம். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை பாலிசி எண், நோயாளியின் பாஸ்போர்ட் எண், மருத்துவமனையின் பெயர், எந்தப் பிரிவு, டாக்டர் பெயர், பில்லிங் பிரிவின் மின்னஞ்சல். அவர்கள் ஒரு கேஸ் எண் தருவார்கள். பாஸ்போர்ட் நகலின் பின்புறம் எழுதி வையுங்கள், அடுத்த எல்லா உரையாடலும் அதை வைத்துத்தான். பிறகு உத்தரவாதக் கடிதம் மருத்துவமனைக்குப் போகும். அது போய்ச் சேர்ந்ததா என்று பில்லிங் மேசையில் நீங்களே நேரில் கேளுங்கள். தவறான முகவரிக்குப் போய்க் கிடக்கும் கடிதங்கள் ஏராளம். கடிதம் வந்தாலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் பகுதித் தொகை, அதாவது டிடக்டிபிள், உங்கள் கையிலிருந்துதான் போகும். அது பயணத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் ஒருமுறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், பல்வலி போன்ற வெளிநோயாளிச் செலவை நீங்களே கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

அவசரப் பிரிவில் நர்ஸ் முதலில் எழுதும் ஒரு தாள் உண்டு: எப்போதிலிருந்து வலி, முன்பு இப்படி வந்ததுண்டா, என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை. கிளெய்ம் பார்ப்பவர் முதலில் தேடிப் படிப்பது அந்தத் தாளைத்தான். மொழி தெரியாத பதற்றத்தில் உறவினர் 'ரொம்ப நாளாகவே இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லிவைக்க, அது 'பல மாதமாக நெஞ்சுவலி' என்று பதிவாகிவிடும். மறைக்கச் சொல்லவில்லை, டாக்டருக்கு எல்லாம் தெரிய வேண்டும். தெரிந்ததைத் துல்லியமாகச் சொல்லுங்கள், தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள், என்ன எழுதினார்கள் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை நான்கையும் மருந்தின் வேதிப்பெயரோடு ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் செய்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், இனவாரியாகப் பிரித்த பில், கட்டிய ரசீது, மருந்துச்சீட்டு, பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட சீட்டைக் கிளெய்ம் பிரிவு ஏற்காது. ஊர் திரும்பிய பிறகு அதைக் கேட்டு வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.

பயண ரத்துப் பகுதி வேறு வகை. மருத்துவப் பகுதி நீங்கள் புறப்பட்ட பிறகு உயிர் பெறும். ரத்துப் பகுதி பாலிசி வாங்கியவுடன் உயிர் பெறும். எனவே டிக்கெட் எடுத்த அன்றோ மறுநாளோ பாலிசி எடுப்பவருக்கும், விமான நிலையத்தில் எடுப்பவருக்கும் ஒரே பிரீமியத்தில் கிடைப்பது ஒன்றல்ல. எந்தெந்தக் காரணத்துக்கு ரத்து செய்யலாம் என்று பட்டியல் இருக்கும்: உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ கடும் நோய், மரணம், வீட்டில் தீ விபத்து போன்றவை. பட்டியலில் இல்லாத காரணத்துக்குக் காசு இல்லை. விசா மறுப்பு, அலுவலகத்தில் விடுப்பு மறுப்பு, மனமாற்றம் மூன்றும் பெரும்பாலான பட்டியல்களில் இருக்காது. 'நெருங்கிய உறவினர்' என்பதில் மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி வருகிறார்களா என்று வரையறையைப் பாருங்கள். வாங்கும்போதே ஊரறிந்த ஆபத்துக்கும் பணம் வராது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொல்வதற்கு முன்பே பல நிறுவனங்கள் அதைத் 'தெரிந்த நிகழ்வு' என்று ஒதுக்கியிருந்தன. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடிக் கிடந்தபோது, சாம்பல் 'மோசமான வானிலை'யில் அடங்குமா என்றே தகராறு வந்தது. ஒரு நிறுவனம் தந்தது, இன்னொன்று மறுத்தது. உங்கள் பாலிசியில் இயற்கைச் சீற்றம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

விமானத் தாமதத்துக்கு முதலில் விமான நிறுவனத்தைக் கேளுங்கள், பிறகு காப்பீட்டை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானமென்றால் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, நீண்ட தாமதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. வானிலை போன்ற, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணமென்றால் அந்தத் தொகை இல்லை, ஆனால் உணவும் தங்குமிடமும் தர வேண்டும். காப்பீட்டின் தாமதப் பகுதி பெரும்பாலும் ஆறு அல்லது பன்னிரண்டு மணி நேரம் கடந்த பிறகே தொடங்கும். எவ்வளவு தாமதம், என்ன காரணம் என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்காமல் இந்தக் கிளெய்மைப் போடவே முடியாது. இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டில் எடுத்திருந்து, முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், விமான நிறுவனம் பொறுப்பேற்காது; 'இணைப்பு விமானம் தவறுதல்' என்ற பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தால்தான் உண்டு.

பெட்டி வரவில்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் நின்றுவிட்டது, உங்கள் பெட்டி இல்லை. சுங்கத்தைத் தாண்டி வெளியே போகாதீர்கள். அதே கூடத்தில் பெட்டி விசாரணை மேசை இருக்கும். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிய பெட்டிச் சீட்டைக் காட்டினால் பி.ஐ.ஆர். என்னும் முறையீட்டுப் படிவம் போடுவார்கள். அதன் எண் பத்து எழுத்தில் இருக்கும்: விமான நிலையத்தின் மூன்றெழுத்து, விமான நிறுவனத்தின் இரண்டெழுத்து, ஐந்து இலக்கம். அந்தத் தாள் இல்லாமல் விமான நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் அசையாது. 1999-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணத்தில், பெட்டி சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கொள்ளப்படும். விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியம் நாள்தோறும் மதிப்புக் கணக்கிடும் அலகு. இந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் அமலில் இருக்கிறது. காப்பீடு அதற்கு மேல் உள்ளதற்கே உதவும், அதுவும் தேய்மானம் கழித்து, ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்புக்குள். நகை, பணம், லேப்டாப், கேமரா போன்றவற்றைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் பெரும்பாலும் எதுவுமே வராது. திருட்டென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறை அறிக்கை வேண்டும். 'கவனிப்பாரின்றி விட்ட பொருள்' என்ற விலக்கு மிகக் கடுமையாக அமலாகும்; பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிட்டுக் காபி வாங்கப் போனாலே அதில் சிக்கலாம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை: வாடகை ஸ்கூட்டர். சுற்றுலாப் பயணிகளின் மருத்துவக் கிளெய்ம்கள் அடியோடு சரியும் இடம் இது. அந்த நாட்டில் அந்த இன்ஜின் அளவு வண்டியை ஓட்டச் செல்லுபடியாகும் லைசென்ஸ் உங்களிடம் இல்லையென்றால், வண்டிச் சேதத்துக்கு மட்டுமில்லை, உடைந்த காலுக்கும் பணம் வராது. பல நாடுகளில் கார் லைசென்ஸ் ஸ்கூட்டருக்கு ஆகாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி; மூல லைசென்ஸில் இருசக்கர வண்டி இல்லையென்றால் அதிலும் இருக்காது. ஹெல்மெட் போடாதது, குடித்திருந்தது இரண்டும் தனி விலக்குகள். ரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவமனைப் பதிவிலேயே இருக்கும். மலையேற்றமென்றால் உயர வரம்பைப் பாருங்கள். 4,500 மீட்டர் வரை என்று எழுதியிருக்கும் பாலிசி, 5,364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவருக்குப் பாதி வழியில் காலாவதியானதற்குச் சமம். கடலடியில் மூழ்கி நீந்தும் ஸ்கூபாவுக்கு இதேபோல ஆழ வரம்பும் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள்.

டிக் போட்டால் வரும் காப்பீடும் கிரெடிட் கார்டுக் காப்பீடும் போதுமா என்ற கேள்விக்கு, அந்த இரண்டு பாலிசி ஆவணங்களையும் பார்க்காமல் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. டிக் போடுவதில் வயது கேட்பார்கள், உடல்நலம் கேட்க மாட்டார்கள்; நோய் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் விற்கப்படும் பாலிசியில், முன்பே இருந்த நோய் பெரும்பாலும் வெளியே தள்ளப்பட்டிருக்கும். கார்டுக் காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை: டிக்கெட்டை அந்தக் கார்டிலேயே வாங்கியிருக்க வேண்டுமா, கார்டுதாரரின் பெற்றோர் அடங்குவார்களா, வயது வரம்பு என்ன, மருத்துவச் செலவு உண்டா அல்லது விமான விபத்து மட்டுமா. பெற்றோர் என்ற இடத்தில்தான் பல கார்டுகள் கழன்றுகொள்ளும். மனைவி, கணவன், பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் நிலைமையில், உங்களுக்கும் அம்மாவுக்கும் எது எப்படியோ, அப்பாவுக்கு நோயைத் தெரிவித்து எடுத்த தனிப் பாலிசி கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூவருக்கும் ஒரே குடும்பப் பாலிசியாக எடுத்தால், மொத்தத் தொகை ஆளுக்கா அல்லது மூவரும் பகிர்ந்துகொள்வதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, விளம்பரத் துண்டை ஒதுக்கிவிட்டுப் பாலிசியின் முழு வாசகத்தை எடுங்கள். முதலில் தொகைகள் அடங்கிய அட்டவணை. அதில் அறை வாடகை, ஐ.சி.யூ., அறுவை சிகிச்சை என்று உள்வரம்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். வயதானவர்களுக்கான சில பாலிசிகளில் மேலே பெரிய தொகை இருக்கும், உள்ளே ஒவ்வொரு செலவுக்கும் சிறு கூரை போட்டிருப்பார்கள். பிறகு வரையறைகள், அதன் பிறகு பொது விலக்குகள். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் உள்ளடங்குகின்றனவா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, விமானம் மாறும் நாடும் அடங்குகிறதா என்றும் சரிபாருங்கள். திரும்புவது தள்ளிப்போனால், பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டிக்கக் கேளுங்கள். முடிந்த மறுநாள் கேட்டால் நீட்டிப்பு இல்லை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ் என்று பிரிவு எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். மறுப்பு நோய் பற்றியதென்றால், சிகிச்சை தந்த டாக்டரிடம் அந்தக் குறிப்பிட்ட வாசகத்துக்கு நேராகப் பதில் சொல்லும் கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். பல நாடுகளில் அதற்கும் மேலே கட்டணமில்லாத குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. போர்டிங் பாஸ்களைக் கிளெய்ம் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் எல்லை தாண்டினீர்கள் என்பதற்கு முன்பெல்லாம் பாஸ்போர்ட் முத்திரை இருந்தது. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் படிப்படியாக முத்திரைக்குப் பதில் மின்னணுப் பதிவு வரத் தொடங்கியது, ஆகவே உங்கள் கையில் மிஞ்சும் சான்று அந்தச் சீட்டுதான்.